ஒன்பதுக்கு வெளியே நிற்கும் ரத்தினங்கள்

நவரத்தினங்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லத் தடுமாறுகிறவர்கள்கூட ஒன்பது என்ற கணக்கை மறப்பதில்லை. மாணிக்கம், முத்து, பவளம், மரகதம், புஷ்பராகம், வைரம், நீலம், கோமேதகம், வைடூரியம். இவற்றில் முத்தும் பவளமும் கல்லே அல்ல. கடல்வாழ் உயிரினங்கள் உண்டாக்கியவை. மாணிக்கமும் நீலமும் ரசாயனக் கணக்கில் ஒரே பொருள்தான். குருந்தம் என்ற தாதுவில் குரோமியம் சிறிது கலந்தால் சிவப்பு, இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலம். நம் கடைகளில் மஞ்சள் புஷ்பராகம் என்று விற்பதும் பெரும்பாலும் அதே குருந்தம்தான். ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் 'கொரண்டம்' என்ற பெயரே நம் 'குருந்தம்' என்ற சொல்லிலிருந்து போனதுதான் என்பதை இங்கே கொஞ்சம் பெருமையோடு சொல்லிக் கொள்ளலாம். ஆகக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஒன்பது என்பது குருந்தம், வைரம், மரகதம், கோமேதகம், வைடூரியம் என்று ஐந்து தாதுக்களாகச் சுருங்கிவிடுகிறது.

பூமியில் இதுவரை இனம் கண்ட தாதுக்களோ ஏறத்தாழ 6,000. அவற்றுள் பட்டை தீட்டி நகையில் பதிக்கத் தக்கவை நூற்றுக்கு மேல். மிச்சமுள்ள கற்களெல்லாம் எங்கே போயின?

எங்கும் போகவில்லை. நம் விரலிலும் காதிலும்தான் இருக்கின்றன. ஆனால் தங்கள் சொந்தப் பெயரில் அல்ல, நவரத்தினங்களின் பெயரில்! இதை எழுத என்னைத் தூண்டியது இதுதான். ஜெய்ப்பூரில் குடியிருக்கும் நமக்கு ஜோஹ்ரி பஜாரும் கோபால்ஜி கா ராஸ்தாவும் அடுத்த தெரு மாதிரி. ஊரிலிருந்து உறவினர் வந்தால் ஹவா மஹலுக்கு அடுத்தபடியாக நாம் அழைத்துப் போகும் இடம் கல் கடைதான். வாங்கிய பிறகு "இது அசல்தானா?" என்று ஒரு கேள்வி வரும். அந்தக் கேள்வியே சரியில்லை என்பது என் அபிப்பிராயம். "இது என்ன கல்?" என்றுதான் முதலில் கேட்க வேண்டும்.

நான் ரத்தின வியாபாரியோ ஜோதிடரோ அல்லன். ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பாலிடெக்னிக்கில் படித்த பௌதிகம்தான் கைமுதல். ஆனால் இந்த விஷயத்தில் அதுவே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. ஏனென்றால் ஒரு கல்லின் அடையாளம் அதன் நிறத்தில் இல்லை. மூன்று எண்களில் இருக்கிறது.

முதல் எண் கடினத்தன்மை. ஒன்றை ஒன்று கீறும் வரிசைப்படி மோஸ் என்பவர் வகுத்த அளவுகோலில் வைரம் 10, குருந்தம் 9, குவார்ட்ஸ் 7. இரண்டாவது ஒப்படர்த்தி, அதாவது அதே கன அளவுள்ள தண்ணீரைப் போல அந்தக் கல் எத்தனை மடங்கு எடை என்பது. மூன்றாவது ஒளிவிலகல் எண். கல்லுக்குள் நுழையும் ஒளி எவ்வளவு வளைகிறது என்பதன் கணக்கு. நிறம் ஏமாற்றும், ஒரே சிவப்பு இருபது கற்களில் வரும். இந்த மூன்று எண்களும் சேர்ந்தாற்போல் ஏமாற்றுவது மிக அரிது.

நிறத்தை நம்பி ஏமாந்தவர்களில் ராஜாக்களும் உண்டு. இங்கிலாந்து அரச மகுடத்தின் முன்புறத்தில் கோழி முட்டை அளவில் 'கறுப்பு இளவரசரின் மாணிக்கம்' என்று ஒரு சிவப்புக் கல் இருக்கிறது. சுமார் 170 காரட். அது மாணிக்கம் அல்ல, ஸ்பைனல். 1849இல் லாகூரிலிருந்து ஆங்கிலேயர் கைக்குப் போன 'தைமூர் மாணிக்கம்' 352 காரட்டுக்கு மேல். ஜஹாங்கீர், ஷாஜஹான் முதலியோரின் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அதுவும் ஸ்பைனல்தான். மாணிக்கத்தில் இருப்பது அலுமினியமும் ஆக்சிஜனும். ஸ்பைனலில் கூடவே மக்னீசியமும் உண்டு. இரண்டுக்கும் சிவப்பைக் கொடுப்பது அதே குரோமியம். ஒரே சுரங்கத்தில், ஒரே ஆற்று மணலில் பக்கத்தில் பக்கத்தில் கிடைக்கும். இரண்டும் வெவ்வேறு தாது என்று 1783இல் பிரான்சு நாட்டு ரோமே தெலில் என்பவர் ஐரோப்பியர்களுக்கு எடுத்துக் காட்டினார்.

ஐரோப்பியர்களுக்கு என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. பாரசீக மொழியில் மாணிக்கத்துக்கு 'யாகூத்', ஸ்பைனலுக்கு 'லால்' என்று முன்பே தனித்தனிப் பெயர் உண்டு. பதக்‌ஷான் மலையிலிருந்து வந்த லால் கல்லை மொகலாயர்கள் லால் என்று தெரிந்தேதான் விரும்பி வாங்கினார்கள். அதற்கும் ஐந்நூறு அறுநூறு வருஷங்களுக்கு முன், கஜினி மாமூது காலத்தில் நம் நாட்டுக்கு வந்த அல்பெருனி, கூம்பு வடிவப் பாத்திரத்தில் நீரை நிரப்பி, கல்லைப் போட்டு, வழிந்த நீரை எடைபோட்டுப் பல உலோகங்களுக்கும் ரத்தினங்களுக்கும் ஒப்படர்த்தி கண்டிருக்கிறார். மாணிக்கம் 4.00, ஸ்பைனல் 3.60 என்பது இன்றைய கணக்கு. ஆயிரம் வருஷங்களுக்கு முன் தராசு கண்டுபிடித்த வித்தியாசம் லண்டனில் மகுடம் செய்தவர்களுக்குத் தெரியவில்லை!

ஸ்பைனல் மட்டமான கல் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கடினத்தன்மை 8. பிளவு இல்லாத, தினசரி அணியத் தக்க கல். பர்மா, இலங்கை, வியட்நாம், தான்சானியா ஆகிய நாடுகளில் கிடைக்கிறது. நல்ல சிவப்பு ஸ்பைனல் இன்று மாணிக்கத்தை விட அரிது. இருந்தும் மாணிக்கத்தின் விலையை எட்டவில்லை என்றால் அதற்கு ஒரே காரணம் ஒன்பதில் அதற்கு இடமில்லை என்பதுதான்.

ஸ்பைனலை மாணிக்கம் என்று நினைத்ததற்கு எதிரான கதையும் ஒன்று உண்டு. 1945இல் டப்ளின் நகரில் ரிச்சர்ட் டாஃபே என்ற ரத்தின ஆர்வலர், ஒரு நகைக்கடையில் பழைய நகைகளிலிருந்து கழற்றிப் போட்டிருந்த கற்களை வாங்கி வந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக் கொண்டிருந்தார். இளம் ஊதா நிறத்தில் 1.419 காரட் எடையுள்ள ஒரு கல். பார்வைக்கு ஸ்பைனல். ஒப்படர்த்தி 3.61, அதுவும் ஸ்பைனலோடு ஏறக்குறைய ஒத்துப்போனது. ஆனால் பூதக்கண்ணாடியில் மேலிருந்து பார்த்தபோது அடிப்பக்கத்துப் பட்டைகளின் விளிம்புகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. ஸ்பைனலில் ஒளி ஒரே கதிராகத்தான் போகும். இரட்டையாகத் தெரிய வழியே இல்லை. லண்டன் பரிசோதனைக்கூடத்தில் இருந்த ஆண்டர்சனுக்கு அனுப்பினார். கடைசியில் கல்லில் ஒரு பகுதியை வெட்டி எடுத்துச் சோதித்து, இது உலகத்துக்கே புதிய தாது என்று 1951இல் அறிவித்தார்கள். டாஃபைட் என்று அவர் பெயரையே வைத்தார்கள். பட்டை தீட்டி நகைக்கு வந்துவிட்ட கல்லிலிருந்து ஒரு புதிய தாது கண்டுபிடிக்கப்பட்டது அதுவே முதல் தடவை. பின்னர் இலங்கை ரத்தினப் பெட்டிகளில் ஸ்பைனல் என்று படுத்திருந்த வேறு சில டாஃபைட்டுகளும் வெளியே வந்தன.

அடுத்த வருஷமே, 1952இல், இன்னொரு இலங்கைக் கல்லுக்குப் பெயர் மாறியது. பழுப்பு நிறப் பெரிடாட் என்று அருங்காட்சியகங்களிலேயே சீட்டு ஒட்டி வைத்திருந்தது தனித் தாது என்று தெரிந்து, சிங்களத் தீவின் பெயரால் சின்ஹலைட் ஆயிற்று. பெரிடாட் 3.34, இது 3.48. இங்கும் காட்டிக் கொடுத்தவற்றில் ஒப்படர்த்தியும் ஒன்று.

இனி நீலத்துக்கு வருவோம். நம்மவர்கள் அதிகமாகப் பணம் போடுவதும் அதிகமாக ஏமாறுவதும் இதில்தான். நீலக் கல்லுக்கு அண்டை வீட்டார் இருவர்: டான்ஸனைட், அயோலைட்.

டான்ஸனைட் 1967இல் கிளிமஞ்சாரோ மலைக்குப் பக்கத்தில் மெரெலானி குன்றுகளில் கிடைத்தது. உலகத்தில் வியாபார அளவில் தோண்டக் கிடைக்கும் இடம் அது ஒன்றுதான். அதுவும் சில கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு பட்டைதான். 2018இல் தான்சானியா அரசு கள்ளக்கடத்தலைத் தடுக்க அந்த வட்டாரத்தைச் சுற்றிச் சுமார் 24 கிலோமீட்டருக்குச் சுவரே எழுப்பிவிட்டது. 2020இல் சனினியு லைஸர் என்ற சிறு சுரங்கக்காரருக்கு 9.27 கிலோவில் ஒன்றும் 5.1 கிலோவில் ஒன்றுமாக இரண்டு கற்கள் அகப்பட்டு, அவர் ஒரே நாளில் கோடீசுவரர் ஆனார். மண்ணிலிருந்து வரும்போது பெரும்பாலும் பழுப்பாகத்தான் இருக்கும். ஐந்நூறு அறுநூறு டிகிரி சூட்டில் வைத்து எடுத்தால் பழுப்பு போய் நீலமும் ஊதாவும் கலந்த நிறம் நிலைத்துவிடும். வெட்டிப் பட்டை தீட்டும் வேலையில் பெரும் பங்கு நம் ஜெய்ப்பூரில்தான் நடக்கிறது.

அழகில் குறை சொல்ல முடியாது. ஆனால் கடினத்தன்மை 6க்கும் 7க்கும் இடையில். வீட்டுத் தூசியில் கலந்திருக்கும் மணல், குவார்ட்ஸ். அதன் எண் 7. துணியால் துடைத்தாலே அந்த மணல் நுண்ணிய கீறல்களைப் போட்டுவிடும். அதிலும் நாம் இருப்பது ராஜஸ்தானத்தில்! மே மாதப் புழுதிக் காற்றில் தினமும் அணியும் டான்ஸனைட் மோதிரம் சில வருஷத்தில் ஒளி மங்கிப் போகும். போதாக்குறைக்கு அதில் ஒரு திசையில் சுலபமாகப் பிளக்கும் தளம் உண்டு. அல்ட்ராசானிக் தொட்டியில் போட்டுச் சுத்தம் செய்யக் கொடுக்கவே கூடாது. திடீர்ச் சூடும் ஆகாது. தோட்டுக்கும் பதக்கத்துக்கும் மிகப் பொருத்தம். மோதிரத்துக்கு விசேஷ நாள் மட்டும்.

அயோலைட் நம் பக்கத்துக் கல். கரூர், காங்கேயம் வட்டாரத்திலும் ஒடிசாவிலும் கிடைக்கிறது. இதன் விசித்திரம் திசைக்கு ஒரு நிறம். ஒரு பக்கமிருந்து பார்த்தால் ஊதா கலந்த நீலம்; தொண்ணூறு டிகிரி திருப்பினால் தண்ணீர் மாதிரி வெளிறிவிடும், சில கற்களில் இலேசான மஞ்சள்கூடத் தெரியும். நீலம் மேல் முகமாக வரும்படி பார்த்து வெட்டுவதில்தான் பட்டை தீட்டுகிறவரின் திறமை. வடநாட்டு வியாபாரிகள் இதை 'நீலி' அல்லது 'காக்கா நீலி' என்பார்கள். நீலத்துக்கு மாற்றாக ராசிக்கல்லாகவும் விற்பார்கள். அப்படிச் சொல்லி விற்றால் அதில் தவறொன்றுமில்லை.

என் நண்பர் ஒருவர், எஞ்சின் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். பணிக்கொடை கைக்கு வந்ததும் மருமகளுக்கு ஒரு நீலக் கல் மோதிரம் செய்ய ஆசைப்பட்டு, வெளியூரில் ஒரு கடையில் 5.20 காரட் கல்லை முப்பத்தெட்டாயிரம் ரூபாய்க்கு வாங்கி வந்தார். மோதிரம் கட்டக் கொடுப்பதற்கு முன் ஒரு தரம் பாருங்கள் என்று என்னிடம் கொண்டு வந்தார். ஜன்னல் பக்கம் போய்க் கல்லைக் குறுக்கே திருப்பினேன். நீலம் காணாமல் போயிற்று. தராசில் போட்டுப் பார்த்தேன். காரட் என்பது 0.2 கிராம், 5.20 காரட் என்றால் 1.040 கிராம், அது சரியாக இருந்தது. தண்ணீரில் அமிழ்த்தியபோது விலகிய நீர் 0.400 கிராம். வகுத்தால் 2.60.

"என்ன சார், எடை குறையுதா?" என்றார்.

"எடை சரியாத்தான் இருக்கு. கல்லுதான் வேற."

நீலமாக இருந்தால் 0.260 கிராம்தான் விலகியிருக்க வேண்டும். நண்பர் மறுநாளே பஸ் பிடித்துப் போனார். கடைக்காரர் பதறவில்லை, பில்லை எடுங்கள் என்றார். பில்லில் தெளிவாக இந்தியில் 'நீலி, 5.20' என்று எழுதியிருந்தது. "நாங்கள் நீலம் என்று எழுதிக் கொடுக்கவில்லையே!" நண்பரின் காதில் விழுந்தது நீலம், கைக்கு வந்தது நீலி. கடைசி எழுத்தில் போனது ஒரு மனிதர் நாற்பது வருஷம் இரவும் பகலும் வண்டி ஓட்டிச் சேர்த்த பணத்தில் ஒரு பங்கு. நீலிக்கு நியாயமான விலை எவ்வளவோ அதற்கு மேற்பட்டதைத் திருப்பிக் கேட்டும் பார்த்தார், கிடைக்கவில்லை. மருமகள் அந்தக் கல்லைப் பதக்கமாகக் கட்டிப் போட்டுக் கொண்டிருக்கிறாள். கல்லின் மேல் குற்றமில்லை, அழகாகத்தான் இருக்கிறது.

நீலத்தைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிவிட்டேன். பச்சையில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. கோமேதகம் கார்னெட் என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. அதில் குராசுலர் என்பது உட்பிரிவு. அதே குராசுலரில் வனேடியம் அல்லது குரோமியம் கலந்தால் பச்சை நிறம் வந்து, ட்ஸாவொரைட் ஆகிறது. கோமேதகத்தின் தம்பி என்று சொல்லலாம். காம்ப்பெல் பிரிட்ஜஸ் என்ற நிலவியல் அறிஞர் 1967இல் தான்சானியாவில் இதைக் கண்டார். பின்னர் கென்யாவிலும் கண்டு தோண்டத் தொடங்கினார். 1974இல் அமெரிக்க நகை நிறுவனமான டிஃபனி, ட்ஸாவோ வனவிலங்குப் பூங்காவின் பெயரால் இதை விற்பனைக்குக் கொண்டு வந்தது. பிரிட்ஜஸ் 2009இல் சுரங்கத் தகராறில் கொலையுண்டார்.

ட்ஸாவோ என்ற பெயரைக் கேட்டால் ரயில்வேக்காரன் சும்மா இருக்க முடியாது. 1898இல் உகாண்டா ரயில் பாதைக்காக ட்ஸாவோ ஆற்றின் மேல் பாலம் கட்டும்போது இரண்டு சிங்கங்கள் பல மாதங்கள் தொழிலாளர்களை இழுத்துப் போய்க் கொண்டிருந்தன. உயிர் விட்டவர்களில் நம் நாட்டிலிருந்து கப்பலேறிப் போன கூலிகள் பலர். எஞ்சினீயர் பேட்டர்சன் கடைசியில் இரண்டையும் சுட்டார். அந்தச் சிங்கங்களின் பாடம் செய்த உடல்கள் சிகாகோ அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அந்தப் பக்கத்துப் பூமிக்கடியில் இப்படி ஒரு பச்சைக் கல் கிடந்தது அப்போது யாருக்கும் தெரியாது.

மரகதத்தில் வெடிப்புகள் இருப்பது சகஜம். எண்ணெய் ஊற்றி அவற்றை மறைப்பதும் சகஜம். ட்ஸாவொரைட்டுக்குப் பொதுவாக எண்ணெயோ சூடோ தேவைப்படுவதில்லை. கடினத்தன்மை 7க்குச் சற்று மேல். ஒப்படர்த்தி 3.61, மரகதமோ 2.72. ஆகவே ஒரே அளவுள்ள இரு கற்களில் ட்ஸாவொரைட் எடை கூடும். பச்சை மேல் ஆசைப்பட்டு, மரகதம் என்ற பெயர் மேல் பிடிவாதம் இல்லாதவர்களுக்கு இதை நான் தாராளமாகச் சிபாரிசு செய்வேன். பெரிய அளவில் கிடைப்பது மட்டும் கஷ்டம். இரண்டு காரட்டைத் தாண்டினால் விலை ஏறிவிடும்.

வைடூரியத்துக்கும் ஒரு தம்பி உண்டு. கிரைஸோபெரில் என்ற தாதுவில் இழை இழையாக உட்பொருள் இருந்து பூனைக் கண் போல் கோடு விழுந்தால் வைடூரியம்; அதே தாதுவில் குரோமியம் சேர்ந்தால் அலெக்ஸாண்ட்ரைட். 1830களில் ரஷ்யாவின் யூரல் மலையில் கிடைத்து, அன்றைய இளவரசர் அலெக்ஸாண்டரின் பெயரைப் பெற்றது. நம் நாட்டில் ஒடிசாவிலும் ஆந்திரத்தில் விசாகப்பட்டினத்தை ஒட்டிய மலைப் பகுதியிலும் கிடைத்திருக்கிறது. பகல் வெளிச்சத்தில் பச்சை, விளக்கு வெளிச்சத்தில் சிவப்பு.

இதில் மாயமில்லை. பழைய கைகாட்டி சிக்னலைப் பார்த்திருப்பீர்கள். கை இறங்கினால் இரவில் பச்சை விளக்குத் தெரியும். ஆனால் அந்தக் கண்ணாடியைப் பகலில் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தால் பச்சையாக இராது, நீலமாகத்தான் இருக்கும். மண்ணெண்ணெய் விளக்கின் சுடர் மஞ்சள். மஞ்சள் சுடரை நீலப் பச்சைக் கண்ணாடி வழியாக அனுப்பினால் ஓட்டுநர் கண்ணுக்குப் பச்சையாகச் சேரும். நிறம் கண்ணாடியில் பாதி, விளக்கில் பாதி. அலெக்ஸாண்ட்ரைட்டும் அப்படியே. சிவப்பு, பச்சை இரண்டையும் அது வெளியே விடும். நடுவிலுள்ள மஞ்சளை விழுங்கிவிடும். சூரிய ஒளியில் பச்சைப் பங்கு அதிகம், ஆகவே பச்சை. அகல் விளக்கில் சிவப்புப் பங்கு அதிகம், ஆகவே சிவப்பு. இன்றைக்குக் கடைகளில் இருக்கும் வெள்ளை எல்.இ.டி. விளக்கில் மட்டும் பார்த்து இதை வாங்கக் கூடாது. வெளியே வெயிலிலும் பிறகு ஒரு மெழுகுவர்த்தி வெளிச்சத்திலும் பார்க்க வேண்டும்.

சுற்றுலாப் பயணிகளிடம் மலிவாக 'அலெக்ஸாண்ட்ரைட்' என்று தள்ளிவிடுவது பெரும்பாலும் உலையில் செய்த குருந்தம், வனேடியம் கலந்தது. அதுவும் நிறம் மாறும். ஆனால் சாம்பல் நீலத்திலிருந்து ஊதாவுக்குப் போகும், நல்ல பச்சையே வராது. ஒப்படர்த்தி 4.00, அலெக்ஸாண்ட்ரைட் 3.73.

ஜிர்கானைப் பற்றி ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். நம் பெண்மணிகள் அமெரிக்கன் டைமண்ட் என்று வாங்குவது கியூபிக் ஜிர்கோனியா, உலையில் தயாரிப்பது, 1970களில் சோவியத் விஞ்ஞானிகள் வழி கண்டு 1976 முதல் சந்தைக்கு வந்தது. ஜிர்கான் வேறு. அது இயற்கைத் தாது. ஆஸ்திரேலியாவில் ஜாக் ஹில்ஸ் என்ற இடத்தில் எடுத்த ஜிர்கான் துகள் 440 கோடி வருஷம் பழையது. பூமியிலேயே விளைந்த பொருள்களில் இதுவரை கண்டறிந்தவற்றுள் அதுவே மிகப் பழையது. இலங்கை மாத்தறையில் கிடைத்த வெள்ளை ஜிர்கானை ஒரு காலத்தில் வைரத்துக்குப் பதிலாக அணிந்தார்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியில் பார்த்தால் அடிப்பட்டைகளின் விளிம்புகள் இரட்டையாகத் தெரிவது இதன் அடையாளம். வைரத்திலும் கியூபிக் ஜிர்கோனியாவிலும் இது தெரியாது. பெயர் ஒற்றுமையால் இத்தனை வயதான ஒரு கல்லுக்குப் போலி என்ற அவப்பெயர் வந்து சேர்ந்தது.

காங்கேயத்துச் சந்திரகாந்தக் கல்லையும் படியூர் அக்குவாமரீனையும் சொல்லாமல் விடக் கூடாது. அக்குவாமரீன் மரகதத்தின் உடன்பிறப்பு. இரண்டும் பெரில் என்ற தாது. நல்ல பெரில் இந்தியாவை விட்டு வேறெங்கும் கிடைப்பது அரிது என்று ரோமாபுரியின் பிளினி எழுதியிருக்கிறார். கொடுமணல் அகழாய்வில் பெரில், நீலம், ஸ்படிகம் முதலிய கற்களில் மணி செய்த பட்டறையின் சான்றுகள் கிடைத்தன. சந்திரகாந்தம் ஃபெல்ட்ஸ்பார் வகை, கடினத்தன்மை 6தான். அதுவும் பதக்கத்துக்கே நல்லது.

கடினம் என்பது வேறு, உறுதி என்பது வேறு என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். வார்ப்பிரும்பு பிரேக் கட்டை கீழே விழுந்தால் உடையும். மைல்டு ஸ்டீல் கம்பி வளையும், உடையாது. கற்களிலும் அப்படித்தான். உலகிலேயே கடினமான வைரம், சரியான தளத்தில் ஒரு தட்டுத் தட்டினால் இரண்டாகும். ஜிர்கானின் எண் 7க்கு மேல்தான், ஆனால் பட்டை முனைகள் சீக்கிரம் உதிரும். தினமும் பாத்திரம் தேய்க்கும் கைக்கு ஸ்பைனல், அலெக்ஸாண்ட்ரைட், குருந்தம் இவை மூன்றும் தாங்கும்.

வீட்டில் ஒப்படர்த்தி பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு: 0.001 கிராம் காட்டும் சிறு மின்னணுத் தராசு வேண்டும். 0.01 காட்டுவது போதாது. இரண்டு காரட் கல்லுக்கு விலகும் நீரே 0.1 கிராம்தான். கல்லை நகையிலிருந்து கழற்றி எடைபோடுங்கள். பிறகு ஒரு சிறு கண்ணாடிக் குவளையில் தண்ணீர் ஊற்றி, ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் சேர்த்து, தராசின் மேல் வைத்துச் சுழி ஆக்குங்கள். மெல்லிய நைலான் இழையில் கல்லைக் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண்தான் விலகிய நீரின் எடை. முதல் எடையை இதனால் வகுத்தால் விடை. கல்லில் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் விடை குறைந்து வரும். ஆகவே மூன்று தடவை பார்த்துச் சராசரி எடுங்கள். முத்து, பவளம், ஓபல் இவற்றை இந்தச் சோப்புத் தண்ணீரில் போட வேண்டாம்.

தராசால் ஆகாத காரியமும் உண்டு. அது என்ன தாது என்று சொல்லும்; பூமியில் விளைந்ததா உலையில் விளைந்ததா என்று சொல்லாது. வெர்னூயி என்ற பிரெஞ்சுக்காரர் 1902இல் அறிவித்த முறையில் செய்யும் மாணிக்கத்துக்கும் 4.00தான். நூறு வருஷத்துக்கு மேலாக அது சந்தையில் இருப்பதால், பாட்டியின் அட்டிகையில் இருந்த கெம்பு என்பது மட்டும் ஒரு கல்லுக்குச் சான்றிதழ் ஆகாது. விரிசல்களில் ஈயக் கண்ணாடியை உருக்கி நிரப்பிய மாணிக்கங்களும் இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து ஏராளமாக வருகின்றன; எலுமிச்சம்பழச் சாறும் பத்தரின் ஊதுகுழல் சூடும் அவற்றைக் கெடுத்துவிடும். இவற்றுக்கெல்லாம் மைக்ராஸ்கோப் வேண்டும். பெரிய தொகை போடுவதாக இருந்தால் பரிசோதனைக்கூடத்துக்குக் கட்டணம் கட்டிச் சான்றிதழ் வாங்குவதே முறை. நம் ஊரிலேயே அந்த வசதி இருக்கிறது.

பில்லில் நான்கு விஷயம் எழுதி வாங்குங்கள். கல்லின் தாதுப் பெயர், இயற்கையா செயற்கையா, சூடு, எண்ணெய், கண்ணாடி போன்ற பக்குவம் ஏதாவது செய்யப்பட்டதா, காரட் எடை. 'அசல்', 'ஒரிஜினல்', 'ஏ ஒன்' என்ற சொற்களுக்கு எந்த அர்த்தமும் இல்லை. இந்தி எழுத்துப் படிக்கத் தடுமாறுகிறவர்கள் கடையை விட்டு இறங்குவதற்கு முன் பக்கத்தில் யாரையாவது படித்துக் காட்டச் சொல்வதில் கௌரவக் குறைவு இல்லை.

நம் சங்கத்தின் அடுத்த மாதக் கூட்டத்துக்குத் தராசையும் பூதக்கண்ணாடியையும் எடுத்து வருகிறேன். சோதிக்க வேண்டிய கல்லைப் பத்தரிடம் கொடுத்து முன்கூட்டியே கழற்றி, ஒரு வெள்ளைக் காகிதத்தில் மடித்துப் பெயர் எழுதிக் கொண்டு வாருங்கள். ஒரு கல்லுக்குக் கால் மணி நேரம் ஆகும். ஆகவே வீட்டுக்கு ஒரு கல் போதும். என்ன கல் என்று சொல்கிறேன். விலையை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.